சிங்கப்பூரில் ஒரு வாரம்: கைச்செலவுக்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினால் நாளிதழ்களில் சிங்கப்பூர் பேக்கேஜ் விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. விமான டிக்கெட், ஓட்டல், விசா எல்லாம் சேர்த்து ஒரு தொகையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அங்கே இறங்கிய பிறகு ஒரு குடும்பம் தன் கையிலிருந்து எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் எங்கும் வருவதில்லை. "ஆளுக்கு அம்பதாயிரம் வச்சுக்கங்க" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, அதை நம்பிப் புறப்படுகிறவர்களே அதிகம். அந்தப் பணம் சிலருக்குப் பாதி மிஞ்சுகிறது, சிலருக்கு நான்காம் நாளே தீர்ந்துவிடுகிறது. திருச்சியில் பயண ஏற்பாடும் அந்நியச் செலாவணியும் எங்கள் தொழில். இந்தக் கணக்கைப் போடும் முறையைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வது எங்கள் கடமை என்று நினைத்து எழுதுகிறோம்.

கணவன், மனைவி, பத்து வயதுப் பிள்ளை என மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். டிக்கெட்டும் ஓட்டலும் ஊரிலேயே கட்டியாகிவிட்டது. ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறோம். புறப்படும் வாரத்து விலையைப் போட்டு நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

முதலில், நாள்களை எண்ணாமல் சாப்பாட்டு வேளைகளை எண்ணுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் இரவு விமானங்கள் பல விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகின்றன. ஓட்டல் அறையோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். திரும்பும் விமானமும் இரவில் என்றால் ஆறு இரவு தங்கினாலும் ஏழு காலை, ஏழு மதியம், ஏழு இரவு, ஆக 21 வேளை சாப்பிட வேண்டும். ஓட்டலில் காலை உணவு உண்டு என்று எழுதியிருந்தாலும் அது ஆறு வேளைக்குத்தான். இறங்கிய அன்று காலையே அறை வேண்டும் என்று கேட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். பெட்டிகளை மட்டும் வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பலாம், பெரும்பாலான ஓட்டல்களில் அதற்குக் காசில்லை.

சிறு உணவுக் கடைகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் உணவங்காடி நிலையங்களில் ஒரு தட்டு உணவு நான்கிலிருந்து ஏழு டாலர். லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்திலும் சிராங்கூன் சாலைச் சைவ ஓட்டல்களிலும் தோசை, இட்லி, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். வாழையிலைச் சாப்பாடு, பிரியாணி என்று உட்கார்ந்து சாப்பிட்டால் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர் ஆகும். இரண்டு வேளை எளிமையாகவும் ஒரு வேளை வயிறாரவும் என்றால் பெரியவருக்கு நாளைக்கு 25 டாலர், பிள்ளைக்கு 18. மூவருக்கும் 68. ஏழு நாளைக்கு 476 டாலர்.

ஏசி உணவகத்துக்குப் போனால் விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10 சதவீத சேவைக் கட்டணம். மற்றொன்று ஜிஎஸ்டி, 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின் மேல்தான் ஜிஎஸ்டி போடுவார்கள். எனவே 20 டாலர் என்று அச்சிட்ட உணவுக்கு 20 × 1.10 × 1.09, அதாவது 23 டாலர் 98 காசு கட்ட வேண்டும். ஓட்டல் அறை வாடகைக்கும் இதே கணக்குதான்: 100 என்று போட்டு இரண்டு கூட்டல் குறி இருந்தால் 119.90. சீன உணவகங்கள் சிலவற்றில் மேசைமேல் கேட்காமலே வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் பில் வரும். வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடுங்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

குழாய்த் தண்ணீரைத் தயக்கமில்லாமல் குடிக்கலாம். வெயிலில் அலையும் மூன்று பேர் பாட்டில் தண்ணீரையே வாங்கினால் ஒரு நாளைக்கு ஏழெட்டு டாலர் அதிலேயே போய்விடும். ஊரிலிருந்து ஆளுக்கொரு பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். காப்பி, பழச்சாறு, ஐஸ்கிரீம் எனச் சில்லறைச் செலவுக்கு நாளைக்கு 10 டாலர், வாரத்துக்கு 70.

போக்குவரத்தில் ஏமாற்றம் குறைவு. எம்ஆர்டி ரயிலிலோ பேருந்திலோ ஒரு பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டரை டாலர். நாளைக்கு நான்கு பயணம் என்றால் ஆளுக்கு 7 டாலர் வைத்துக்கொள்ளலாம். 0.9 மீட்டருக்கு மேல் வளர்ந்த, சலுகை அட்டை இல்லாத பிள்ளைக்கும் பெரியவர் கட்டணமே. மூவருக்கும் வாரத்துக்கு 147.

ஒரே அட்டையை மூன்று முறை தட்டி மூவரும் உள்ளே போக முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆளுக்கொரு அட்டை வேண்டும். நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேரடியாகத் தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள். ஏழு நாளைக்கு 4.20 டாலர், அதன்மேல் நம் வங்கியின் கட்டணம். பணம் ஏற்றி ரயிலிலும் பேருந்திலும் தட்டும் உள்ளூர் ஈசி-லிங்க் அட்டை வாங்கினால் அட்டை விலையாக 5 டாலர் திரும்பி வராது. ஆக, மூன்று நான்கு நாள் தங்குபவருக்கு வங்கி அட்டை லாபம். முழு வாரம் என்றால் ஈசி-லிங்க் வாங்குவதே நல்லது. அளவில்லாமல் பயணம் செய்யும் சுற்றுலா அட்டை, நாளைக்கு ஆறேழு தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

டாக்சிக்கு வாரத்துக்கு 70 டாலர் ஒதுக்குங்கள். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டரில் வரும் தொகையில் பாதி கூடுதலாகக் கேட்பார்கள், விமான நிலையத்தில் ஏறினால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. விடிந்த பிறகு இறங்குகிறவர்கள் சாங்கியில் ரயிலேறி, எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியாவுக்கு ஆளுக்குச் சுமார் இரண்டு டாலரில் போய்விடலாம். ரயிலில் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுக்காதீர்கள். தின்பதற்கும் குடிப்பதற்கும் 500 டாலர் வரை அபராதம் உண்டு.

தொலைபேசி சிம்முக்கு 40 டாலர். ஆக 476, 147, 70, 70, 40 சேர்ந்தால் 803. இதன்மேல் 15 சதவீதம், அதாவது 120 டாலர், எதிர்பாராத செலவுக்கு. மொத்தம் 923 டாலர், சுமார் 64,600 ரூபாய். பொருள் வாங்குவதும் நுழைவுச்சீட்டும் இதில் சேரவில்லை.

நுழைவுச்சீட்டை வேண்டுமென்றே தனியாக வைத்திருக்கிறோம். விலங்குக் காட்சிசாலைக்குத் தலைக்கு 50 டாலரைச் சுற்றியும், யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு 80 டாலருக்கு மேலும் ஆகிறது. இவற்றைக் கைச்செலவோடு கலந்தால் கணக்கு தடம் மாறும். எதைப் பார்க்கப் போகிறோம் என்று ஊரிலேயே முடிவு செய்து, இணையத்தில் பணம் கட்டி முடித்துவிடுங்கள். மூவருக்கும் இப்படி மூன்று இடம் என்றாலே 500 டாலரை நெருங்கும். கட்டணமில்லாத இடங்களை இடையிடையே வையுங்கள். கார்டன்ஸ் பை த பேயின் வெளித்தோட்டத்துக்குக் கட்டணமில்லை. அங்கே செயற்கை ராட்சத மரங்களில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் ஒளி, ஒலிக் காட்சியும் இலவசம், காசு வாங்குவது கண்ணாடிக் கூடங்கள் போன்றவற்றுக்குத்தான். 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான தாவரவியல் தோட்டத்துக்கும், மெர்லயன் சிலைக்கும், சிராங்கூன் சாலைக் கோயில்களுக்கும் ஒரு காசு வேண்டாம்.

பணத்தை எந்த வடிவில் கொண்டுபோவது என்பதில்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். உணவங்காடிக் கடைகளில் பல, ரொக்கத்தையோ உள்ளூர் கியூஆர் குறியீட்டையோதான் வாங்கும், நம் அட்டையை வாங்காது. 2023-இல் தொடங்கிய, நம் யுபிஐக்கும் சிங்கப்பூரின் பேநவ் முறைக்குமான இணைப்பு இரு நாட்டு வங்கிக் கணக்குகளுக்கு இடையே பணம் அனுப்புவதற்கானது. அதை நம்பி, எந்தக் கடையிலும் ஜிபே அடிக்கலாம் என்று போய்விடாதீர்கள். மேலே சொன்ன 923-இல் 450 டாலராவது ரொக்கமாக இருக்கட்டும், அதிலும் பாதியை 10, 5, 2 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

"கமிஷன் இல்லை" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம், லாபம் விலைக்குள் இருக்கிறது. சந்தை விலை 70 இருக்கும்போது கடையில் 71.80 சொன்னால் 450 டாலருக்கு 810 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். இதற்கு நம் ஊரில் போடும் ஜிஎஸ்டி அப்படிப் பெரிதல்ல. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தின் மேல்தான் 18 சதவீத வரி. 450 டாலருக்கு அது 58 ரூபாய்தான் வரும். மூன்று கடைகளில் ஒரே நாளில் விலை கேளுங்கள், 'எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு டாலர் தருவீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். பான் அட்டையும் தேவை.

வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபோரெக்ஸ் கார்டு நல்ல ஏற்பாடு, அதில் சிங்கப்பூர் டாலராகவே ஏற்றினால். அமெரிக்க டாலராக ஏற்றிவிட்டு அங்கே தேய்த்தால் ஒவ்வொரு தடவையும் நாணய மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, 'டாலர்' என்று மட்டும் சொல்லி வாங்குவதால்.

கிரெடிட் கார்டில் பெரும்பாலும் 3.5 சதவீதம் வெளிநாட்டுக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். 500 டாலருக்கு ஏறக்குறைய 1,445 ரூபாய். கடைக்காரர் இயந்திரத்தை நீட்டி "ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா" என்று கேட்டால் எப்போதும் சிங்கப்பூர் டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை அந்த இயந்திரத்தின் நிறுவனம் வைக்கும், அது நம் வங்கி விலையைவிட மோசமாகவே இருக்கும். கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஆனால் ஓட்டலில் முன்பணம் நிறுத்திவைக்க கிரெடிட் கார்டுதான் ஏற்றது. ஃபோரெக்ஸ் கார்டைக் கொடுத்தால், பிடித்துவைத்த தொகை விடுபட வாரக்கணக்கில் ஆகலாம், அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிட வேண்டும். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டைகளில் அது அணைக்கப்பட்டே வருகிறது.

பொருள் வாங்கத் தனித்தொகை வைத்து, அதைக் கடைசி இரண்டு நாளுக்கு முன் தொடாதீர்கள். முதல் நாளே முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடைக்குள் நுழைந்தால் மூன்று தவறு ஒன்றாக நடக்கும். செலவு எல்லை தெரியாது, பெட்டி நிறைந்துவிடும், கூடுதல் எடைக்கு விமான நிலையத்தில் கிலோ கணக்கில் கட்ட வேண்டிவரும். எடை கூடும் என்று தெரிந்தால் விமான நிறுவன இணையத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது மலிவு. 100 டாலருக்கு மேல் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் வசதி உண்டு. பாஸ்போர்ட்டைக் கடையில் காட்டிவிட்டு, சாங்கியில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே தானியங்கி இயந்திரத்தில் பதிய வேண்டும். முழு 9 சதவீதமும் வராது, கையாளும் கட்டணம் கழிப்பார்கள். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுங்கள், பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

தங்கம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகைக்கான சுங்கச் சலுகை வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கியவர்களுக்கே. ஒரு வாரம் போய்வருபவருக்கு அது கிடையாது. அங்கே நகை வாங்கினால் நம் விமான நிலையத்தில் வரிக்குரிய பொருளைத் தெரிவிக்கும் சிவப்பு வழியில் போய் வரி கட்ட வேண்டும். அந்த வரியையும் சேர்த்துப் பார்த்தால் லாபம் மிஞ்சாது.

பேக்கேஜில் போகிறவர்கள், "சேர்க்கப்படாதவை" என்று சிறிய எழுத்தில் உள்ள பத்தியை முழுதாகப் படியுங்கள். மதிய உணவு, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும் டிப்ஸ், பயணக் காப்பீடு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பேக்கேஜ் தொகையின்மேல் முன்வரியாகப் பிடிக்கும் டிசிஎஸ் முதல் ரூபாயிலிருந்தே உண்டு, வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். நாமே டாலர் வாங்கினால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் இல்லை. சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத்தின் இணையதளத்தில் நாமே நிரப்பலாம், பணம் கேட்கும் போலித் தளங்கள் பல உள்ளன.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பயணப் பக்கத்தில் ஓர் ஊரைப் பற்றி எழுதும்போது, டிக்கெட், ஓட்டல் செலவுக்குக் கீழே ஒரு குடும்பத்தின் ஒரு நாள் கைச்செலவையும், அதில் எவ்வளவு ரொக்கமாக வேண்டும் என்பதையும் வெளியிடுங்கள். விளம்பரம் தருபவர்களிடமும் "சேர்க்கப்படாதவை" பத்தியை விலையின் அளவுக்கே தெளிவான எழுத்தில் கேளுங்கள்.

திரும்பிய பிறகு மிஞ்சிய நோட்டுகளை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். நாணயங்களை இங்கே யாரும் வாங்குவதில்லை, சாங்கியில் கடைசிக் காப்பிக்கே செலவழித்துவிடுங்கள். சில்லறையில் புருணை நோட்டு வந்தால் அதையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். 1967 முதல் இரு நாட்டு டாலரும் சமமதிப்பில் செல்லும், சிங்கப்பூர்க் கடைக்காரர் பெரும்பாலும் மறுக்க மாட்டார். திருச்சியில் அதை மாற்றுவது சிரமம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
திருச்சிராப்பள்ளி