இயந்திரம் வேண்டாம், தவணைக்கு ஒரு பெட்டி பொருள் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான உபகரணம் கையளிக்கும் படங்கள் பத்திரிகைகளின் பிராந்தியப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. கொடுப்பவர்களின் நல்ல மனதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் உயர்தர உயிரியலும், 2013 இல் தொழினுட்பப் பிரிவோடு வந்த உயிர்முறைமைகள் தொழினுட்பவியலும் படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உயிர்த்தொழினுட்பச் செய்முறை எங்கள் பக்கத்தில் நின்றுபோவது பெரிய இயந்திரம் இல்லாததால் அல்ல. ஏகார் (வளர்ப்புக் கூழை உறையவைக்கும் கடற்பாசித் தூள்) முடிந்துவிட்டது, ஸ்பிரிட் வாங்கக் காசில்லை, மாலையில் கூடநிற்க ஆளில்லை என்பவைதான் அதை நிறுத்துகின்றன.

நன்கொடையாக வரும் பெரிய பொருட்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் மின்சார ஆட்டோகிளேவ் ஒன்று 2 கிலோவாற்றுக்குக் குறையாமல் இழுக்கும். 230 வோல்ற்றில் அது கிட்டத்தட்ட 9 அம்பியர். பழைய கட்டடங்களில் இருப்பதோ 5 அம்பியர் பிளக். ஒன்று பியூஸ் போகும், இல்லாவிட்டால் வயர் சூடாகி அதிபர் பயந்து இயந்திரத்தைப் பூட்டி வைப்பார். வடிகட்டிய சுத்தக் காற்றை வீசும் லமினார் புளோ மேசையின் உயிர் அதன் ஹெப்பா என்ற நுண்துகள் வடிகட்டியில் இருக்கிறது. முன்வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் சில வருடங்களில் ஹெப்பா அடைத்துவிடும். மாற்றும் செலவுக்கு ஒருவரும் முன்வருவதில்லை. டீ.என்.ஏ.யைப் பலமடங்காக்கும் பி.சி.ஆர். இயந்திரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்குத் தேவையான நொதியங்களை மறை 20 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். நீண்ட மின்தடைகள் வந்தால் அவை வீணாகிவிடக்கூடும். இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருளைப் பழுதான பிறகு கழிப்பதும் இலகுவான வேலையல்ல. ஆய்வுகூடத்தின் பாதி மேசையை அது பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? செடியின் சிறு துண்டைக் கிருமியற்ற போத்தலில், ஊடகம் என்ற ஊட்டச்சத்துக் கூழில் வளர்க்கும் இழைய வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். பாடத்திட்டத்தில் உள்ளது, மாணவர் கண்ணால் பார்த்து நம்பக்கூடியது, எங்கள் குளிருக்கும் ஒத்துப்போவது. உருளைக்கிழங்கின் கணுத்துண்டு 20 முதல் 22 பாகையில் நன்றாக வளரும். கொழும்புப் பாடசாலைக்கு ஏசி வேண்டும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பகலில் ஜன்னலோர அறையே போதும்.

ஆட்டோகிளேவின் இடத்தில் 10 லீற்றர் பிரஷர் குக்கர். இங்கேதான் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சமவெளியில் எழுதப்பட்ட செய்முறைக் கையேடுகள் அதைச் சொல்வதில்லை. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் 121 பாகை, 15 முதல் 20 நிமிடம் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். அந்த 15 இறாத்தல், வெளி வளிமண்டல அமுக்கத்துக்கு மேலே உள்ள அளவு. மலையில் வெளி அமுக்கமே குறைவு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதித்துவிடும்; அதே குக்கர், மூடிமேல் வைக்கும் அதே வெயிற் (எடை), ஆனால் உள்ளே 118 பாகையைக்கூட எட்டாது. ஹட்டனில் 119க்குச் சற்றுக் குறைவு. 3 பாகைதானே என்று விடக்கூடாது. வெப்பத்தைத் தாங்கும் பற்றீரிய வித்திகளைக் கொல்ல, ஒவ்வொரு 10 பாகை குறைவுக்கும் பத்து மடங்கு நேரம் தேவைப்படும். 3 பாகைக்கு அது இருமடங்காகிறது. ஆகவே கையேடு 20 நிமிடம் என்றால் நாம் 40 நிமிடம் வைக்க வேண்டும். பல பாடசாலைகளில் “எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் பழுதாகுது” என்று கைவிடுவதற்கு இந்த ஒரு கணக்கே காரணமாக இருக்கலாம்.

நேரம் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். அடியில் ஒரு லீற்றராவது ஊற்றாவிட்டால் 40 நிமிடத்துக்குள் வற்றிவிடும். போத்தல் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்தால் வெடிக்கும். வெயிற்றைப் போடுமுன் ஆவியை 5 நிமிடம் தொடர்ந்து வெளியேற விட வேண்டும், இல்லையென்றால் உள்ளே தங்கும் காற்று வெப்பநிலையைக் குறைத்துவிடும். அடுப்பை அணைத்தபின் தானாக ஆறும்வரை வெயிற்றில் கை வைக்கக்கூடாது. அவசரப்பட்டுத் தூக்கினால் ஊடகம் பொங்கி மூடியை நனைக்கும். நனைந்த மூடி வழியே இரண்டே நாளில் பங்கசு இறங்கும்.

ஊடகம் ஒரு லீற்றருக்கு முராஷிகே ஸ்கூக் தூள் (செடிக்கான ஊட்டச்சத்து உப்புக் கலவை) 4.4 கிராம், சீனி 30 கிராம், ஏகார் 8 கிராம். பீ.எச். (அமிலத்தன்மை அளவு) 5.8. கிருமியழிக்குமுன்பே பீ.எச். பெறுமானத்தைச் சரிசெய்ய வேண்டும். 5க்குக் கீழே போனால் ஏகார் உறையாமல் கூழாக நிற்கும். சாதாரண பீ.எச். தாள் இதற்குப் போதாது, சிறிய பேனா வடிவ மீற்றரும் அதைச் சரிபார்க்க பீ.எச். 4, 7 தாங்கற்கரைசல்களும் வேண்டும். 250 மில்லிலீற்றர் ஜேம் போத்தலுக்கு 25 மில்லிலீற்றர் வீதம் ஊற்றினால் ஒரு லீற்றரில் 40 போத்தல். முராஷிகே தூளைப் பெரிய டப்பாவாக வாங்கித் தராதீர்கள். எங்கள் மூடுபனியில் திறந்த டப்பா ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். ஒரு லீற்றர் பைக்கற்றுகளே நல்லது, அவையும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். வடிநீருக்கு கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீர் போதும். ஆனால் அதே தட்டில் பற்றரி அமிலமும் இருக்கும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

லமினார் மேசைக்குப் பதில் 50, 60 லீற்றர் கொள்ளும் தெளிவான பிளாஸ்ரிக் பெட்டி. கவிழ்த்து வைத்து முன்பக்கத்தில் 12 சென்ரிமீற்றர் விட்டத்தில் இரண்டு துளை. உள்ளே 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து, ஜன்னல், மின்விசிறி எல்லாவற்றையும் மூடி நிறுத்தி, 15 நிமிடம் காற்றை அசையாமல் விட வேண்டும். 95 சதவீதம் இன்னும் நல்லதென்று நினைப்பவர்கள் உண்டு. நீர் கொஞ்சம் இருந்தால்தான் அற்ககோல் கிருமியின் புரதத்தைச் சிதைக்கும், அதனால் 70தான் சரி. இந்தப் பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கு ஏற்றவே கூடாது. அடைபட்ட இடத்தில் அற்ககோல் ஆவி தீப்பற்றினால் மாணவரின் கையும் முகமும்தான் முதலில். கத்தியையும் இடுக்கியையும் அலுமினியத் தாளில் சுற்றிக் குக்கரிலேயே வைத்து எடுத்துவிட்டால் தீயே தேவையில்லை.

உருளைக்கிழங்கு முளையின் கணுத்துண்டை 30 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, 70 சதவீத ஸ்பிரிட்டில் 30 வினாடி, பிறகு ஐப்போகுளோரைற்று 1 சதவீதம் உள்ள கரைசலில் 10 நிமிடம், கிருமியழித்த நீரில் மூன்று முறை கழுவல். கடை பிளீச் 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர். திறந்து பல மாதமான பிளீச் வீரியம் இழந்திருக்கும், அதை நம்பி வேலை செய்யாதீர்கள்.

பழுதானால் போத்தலே காரணத்தைச் சொல்லும். செடி வைக்காத மூன்று போத்தலை எப்போதும் ஒரு வாரம் தனியே வையுங்கள். அவையும் பழுதானால் குற்றம் குக்கர் நேரத்தில். அவை சுத்தமாக இருக்க, செடியின் அடியைச் சுற்றி மட்டும் பால்போல் கலங்கினால் பிளீச் போதவில்லை, அல்லது பற்றீரியா இழையத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஊடகத்தின் மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பங்கசு பூத்தால் காற்றும் கையும். இரவில் அறை குளிர்ந்து மூடிக்குள் நீர்த்துளி கோர்ப்பதும் இங்கே வழமை. இரவில் போத்தல்களை ரெஜிபோம் பெட்டிக்குள் எடுத்து வைத்தால் அது குறையும்.

தேயிலையில் தொடங்கலாமா என்று தோட்டத்துப் பெற்றோர் கேட்பது நியாயம். வேண்டாம். வெட்டிய இடத்திலிருந்து தேயிலையில் உள்ள பொலிபீனோல் என்ற சேர்மம் கசிந்து ஊடகத்தையே கறுப்பாக்கும். முதல் முயற்சியிலேயே மாணவர் மனம் விட்டுவிடுவர். கொப்புள நோய்ப் பங்கசை ஏகாரில் வளர்க்கும் ஆசையையும் விட்டுவிடலாம், அது உயிருள்ள தேயிலை இலையில் மட்டுமே வாழும். இன்னொரு எச்சரிக்கை: பாடசாலைப் போத்தலில் வந்த உருளைக்கிழங்குச் செடி வைரசு அற்றது என்று யாரும் உறுதி தர முடியாது. அதை விதைக்கிழங்காக விவசாயிக்குக் கொடுக்கக்கூடாது. அந்த வேலைக்கு சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது.

இனி ஊர் என்ன தரலாம் என்பது. பால் வளர்ப்போர் ஒரு லீற்றர் பால் தந்தால் யோகட் செய்முறை முடிந்துவிடும். ஆனால் மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் கூடாது. பாலில் தங்கும் மருந்து உறைபற்றீரியாவையும் கொன்றுவிடும், பிறகு ஆசிரியர் வெட்கப்பட வேண்டியதுதான். பாலை 85 பாகைக்குச் சூடாக்கி 43க்கு ஆறவிட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை சேர்த்து, சுடுநீர்ப் போத்தல் இரண்டோடு ரெஜிபோம் பெட்டியில் 5 மணி நேரம். வெறும் மேசையில் வைத்தால் எங்கள் குளிரில் மறுநாளும் தண்ணீராகவே இருக்கும். ஸ்ட்ரோபெரித் தோட்டக்காரர் விற்க முடியாத நசுங்கிய பழத்தைத் தரலாம்: அதன் கலங்களில் எட்டுத் தொகுதி நிறமூர்த்தம் இருப்பதால் டீ.என்.ஏ. பிரித்தெடுக்க வாழைப்பழத்தை விட அதுவே மேல். உப்பு, பாத்திரம் கழுவும் திரவம், ஐஸில் குளிரவைத்த ஸ்பிரிட், வேறொன்றும் வேண்டாம்.

தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் ஒருவர் ஒரு மணி நேரம் வந்தால் நொதியப் பாடமே மாறிவிடும். கொழுந்தில் ஒரு கைப்பிடியை ஆவியில் 2 நிமிடம் காட்டி, இன்னொரு கைப்பிடியை அப்படியே விட்டு, இரண்டையும் கசக்கி வையுங்கள். ஆவி காட்டாதது செம்பு நிறமாகும், மற்றது பச்சையாகவே நிற்கும். பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியத்தை வெப்பம் அழித்துவிட்டது. தொழிற்சாலையில் தினமும் நடப்பது இதுதான், ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இதை ஒரு பரீட்சை வினாவாகவே படிக்கிறார்கள். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் கிருமியற்ற முறையில் கை அசைப்பதை ஒரு தடவை காட்டினால் போதும். வயரிங் தெரிந்தவர் 13 அம்பியர் இணைப்பு ஒன்றைச் சரியாகப் போட்டுக் கொடுத்தால் அது பத்து இயந்திரத்துக்குச் சமம்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தட்டுப்பாடு ஆள். இரட்டைப் பாடவேளை 80 நிமிடம். குக்கர் சூடாக, 40 நிமிடம் நிற்க, ஆற என்று ஊடகத் தயாரிப்பே அதைத் தாண்டிவிடும். முதல் நாள் மாலையில் யாராவது செய்துவைக்க வேண்டும்; தூரத்துத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆசிரியரால் அது முடியாது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்குப் பழைய மாணவர் சங்கம் பஸ் காசும் சிறு கொடுப்பனவும் கொடுத்து, கிழமையில் இரண்டு மாலை அதிபரின் அனுமதியோடு ஆசிரியருக்கு உதவியாக வைத்தால், நாங்கள் மேலே எழுதியதெல்லாம் நடக்கும்.

பொருளாகத் தருவோருக்கு 24 பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு தவணைக்கான கணக்கு: முராஷிகே பைக்கற் 2, ஏகார் தூள் 25 கிராம், சீனி 100 கிராம், பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் 2 லீற்றர், பிளீச் 1 லீற்றர், வடிநீர் 5 லீற்றர், கத்தி அலகு ஒரு பெட்டி, கையுறை 100, அலுமினியத் தாள் ஒரு சுருள், குக்கருக்கு மாற்று ரப்பர் வளையம் ஒன்று. இந்தக் கடைசிப் பொருளை மறந்துவிடாதீர்கள். வளையம் தேய்ந்த குக்கர் அமுக்கத்தைப் பிடிக்காது. ஜேம் போத்தலை வீடுகளிலிருந்தே சேர்க்கலாம், உலோக மூடியோடு. மெல்லிய பிளாஸ்ரிக் மூடி குக்கரில் உருகும். பணமாகக் கொடுக்க விரும்புவோர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில், இன்ன செலவுக்கு என்று எழுதி, வருடத்தில் மூன்று முறை பிரித்துக் கொடுங்கள். மொத்தமாக வந்த பணம் பெரும்பாலும் மொத்தமான பொருளாகவே மாறும்.

பழுதான போத்தலைத் திறந்து கழுவ எந்த மாணவரையும் விடக்கூடாது. மூடியை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, திறக்காமலே மறுபடி குக்கரில் 40 நிமிடம் வைத்த பின்னரே கொட்ட வேண்டும். பற்றீரியா வளர்க்கும் தட்டுகளை 37 பாகையில் வைப்பதும் வேண்டாம். மனித உடலில் நோய் தரும் கிருமிகளுக்கு அதுவே பிடித்த வெப்பநிலை. 25 பாகை போதும். தட்டின் ஓரத்தை நான்கு இடத்தில் டேப்பால் ஒட்டி, திறக்காமலே பார்க்கச் சொல்லுங்கள். உதவ வரும் வெளியாட்களுக்கும் இந்த விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது அதிபர்களின் பொறுப்பு.

இப்படிக்கு,
உயிரியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஆசிரியர்கள் சிலர்,
நுவரெலியா மாவட்டம்.