தாத்தாவுக்குக் குழி வெட்டிய பையனுக்கு

மண்டலே சொந்தங்களுக்கு,

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே தெருவில்தான் படுத்துக் கிடந்தோம். கை நடுக்கம் இன்னும் போகவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி முனை டீக்கடையில் வேலை பார்க்கும் பர்மியப் பையனுக்கு. அவனுக்குத் தமிழ் தெரியாது. நானே வாசித்து அர்த்தம் சொல்லிவிடுவேன்.

தாத்தாவுக்கு 98 வயது. 1945 பிப்ரவரியில் பகான் பக்கத்து நியாங்கு கரையில், நேதாஜி படையின் நேரு ரெஜிமெண்டில் இருந்தவர். பதுங்குகுழிக்கு எதிரே ஐராவதி ஓடும், மேலே விமானம் சுற்றுவதால் பகலில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ள முடியாது என்பார். குண்டு பட்டுக் கொண்டை அறுந்த பனைமரங்களைப் பற்றிச் சொல்வார். பக்கத்துக் குழியில் இருந்தவர்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. தீபாவளி வெடி தொடங்குமுன் பாட்டி கட்டிலுக்கடியில் அவருக்குப் பாய் விரித்துவிடுவார். சின்ன வயதில் எங்களுக்கு அது வேடிக்கை.

இந்த முறை கட்டில் இடிபாட்டுக்குள். பாட்டி போய்ப் பல வருடம் ஆயிற்று. நிலம் அதிரும்போதெல்லாம் "படு, படு" என்று கத்திக்கொண்டு தாத்தா வெறுங்கையால் மண்ணைப் பறித்தார். மூன்று இரவு தூக்கமில்லை. கெஞ்சினோம், அதட்டியும் பார்த்தோம்.

அந்தப் பையன் எதுவும் கேட்கவில்லை. மண்வெட்டியோடு வந்து, தாத்தா கைகாட்டிய இடத்தில் முழங்கால் ஆழம் வெட்டினான். போதாது என்றார். இடுப்பளவு வெட்டினான். உயிரோடு இருப்பவருக்குக் குழியா, அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நானும்தான். அவன் ஒரு கைலியை அடியில் விரித்து, தாத்தாவைத் தூக்கி இறக்கி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் தாத்தா தூங்கினார்.

விடிந்ததும் அவன் வயதைக் கேட்டார். 16 என்றான். மறுபடி கேட்டார். நியாங்கில் தாத்தாவுக்கு 17. அப்புறம் அவன் தலையைக் குழிக்குள் அமுக்கிப் பிடித்தவர், வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பையனும் அசையவில்லை.

கஞ்சி ஊற்றிய கோயில்காரர்கள், யாங்கோனிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் அனுப்பிய உறவுகள், பிரஷர் மாத்திரை தேடித் தந்த நர்ஸ் அக்கா, பெயர் விட்டுப்போன எல்லாருக்கும் என் கும்பிடு.

இனி தீபாவளிக்குப் பாய் விரிப்பது என் வேலை. மழைக்கு முன் குழியை மூடச் சொல்கிறார்கள். தாத்தா சரி என்று சொல்லட்டும், மூடுகிறேன்.