தவுனும் நுங்கும்

திசையன்விளை,
கார்த்திகை மாதம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

தாவரவியல் முழுவதும் வெறும் மனப்பாடம், எழுதி எழுதிப் பார்த்தாலும் மறுநாள் விதைக்குள் கருவூண் எது, வித்திலை எது என்று குழம்பிவிடுகிறது என நீ போனில் அழுதது என் மனத்தை விட்டு அகலவில்லை. நானும் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்தவன்தான் அம்மா. எங்களுக்குக் கரும்பலகைப் படம் மட்டுமே கிடைத்தது. அந்தப் படம் எங்கள் விளையில் நிற்கும் பனையில் காய்க்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு.

1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்த இரட்டைக் கருவுறுதலை எடுத்துக்கொள். மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் கேமீட்டுகளுள் (இனச்செல்களுள்) ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று சூலுக்குள் இருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு இணைய, அந்த மூவிணைவிலிருந்து கருவூண் திசு வளர்கிறது. சித்திரையில் நீ பெருவிரலால் நோண்டித் தின்ற நுங்கு அந்தத் திசுவேதான். பிறக்கப்போகும் கன்றுக்குத் தாய்மரம் கட்டிக்கொடுத்த சோற்றைத்தான் நாம் இளசிலேயே எடுத்துத் தின்கிறோம்.

ஆவணியில் பாத்தியில் பரப்பிய பனங்கொட்டைகளில் இரண்டை நேற்று வெட்டிப் பார்த்தேன். நுங்காக இருந்தது முற்றிக் கல்லாகி ஓட்டோடு ஒட்டியிருக்க, நடுவில் வெள்ளைப் பஞ்சாகத் தவுன் திரண்டிருந்தது. தவுன் கருவூண் அன்று. கருவின் முதல் இலையான ஒற்றை வித்திலையின் நுனி பருத்து உறிஞ்சும் உறுப்பாக மாறியது அது. சுற்றியுள்ள கெட்டியான கருவூணைக் கரைத்து உறிஞ்சி, மண்ணுக்குள் இறங்கும் முளைக்கு அனுப்புகிறது. ஆகவே தவுன் பெரிதாகப் பெரிதாக அந்தக் கெட்டிப் பகுதி மெலிகிறது. தென்னையில் இதே உறுப்பைத் தேங்காய்ப்பூ என்கிறோம். தை மாதம் நாம் பிடுங்கும் பனங்கிழங்கும் வேர் அன்று, மாவுச்சத்தைச் சேர்த்துப் பருத்த இளம் நாற்று.

ஆண் பனையும் பெண் பனையும் தனித்தனி மரங்கள் என்பது உனக்குச் சிறு வயதிலேயே தெரியும். ஈரில்லத் தாவரம் என்ற பெயரை மட்டும் அதனோடு சேர்த்துக்கொள். நீட் தேர்வைப் பற்றி அரையாண்டுத் தேர்வு முடிந்த பின் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வருகிறேன். முளை இப்போதுதான் விட்ட கொட்டை ஒன்றும், தவுன் நிறைந்த கொட்டை ஒன்றும் பிளந்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்துவிட்டு, பிறகு தவுனைத் தோழிகளோடு பங்கிட்டுத் தின்.

அன்புடன்,
அப்பா