கேமரா சூப்பர், ஆனால் படம்...

பாப்பா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நீ ஒளிப்பதிவு செய்த படம் ஓடும்போது தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து போனதில் உனக்கு அவ்வளவு வருத்தமில்லை போலிருக்கிறது. கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே வந்து "படம் ஒண்ணும் புரியல, ஆனா கேமரா சூப்பர், ஒவ்வொரு ஃபிரேமும் வால்பேப்பர்" என்று உன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்களே, அதுதான் உன்னைக் குடைகிறது. டைரக்டர் பக்கத்திலேயே நிற்கிறார், அவரைத் தாண்டி வந்து உன்னை மட்டும் பாராட்டுகிறார்கள். அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய்.

நன்றி சொல்லி வாங்கிக்கொள், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகாதே. படத்தில் இருந்த அழகு உன்னுடையது, படத்தில் இருந்த சலிப்பு டைரக்டருடையது என்று அவர்கள் பிரித்துக் கொடுக்கிறார்கள். அப்படிப் பிரிக்க முடியாது. ஒரு ஷாட் நான்கு நிமிடம் ஓடுகிறதென்றால், நான்கு நிமிடம் பார்க்கத் தாங்கும் என்று முடிவு செய்ததில் உன் கண்ணும் இருந்தது. ஸ்லோ என்று திட்டினால் அதில் உனக்கும் பங்கு உண்டு, யாரோ ஒருவர் உள்ளே போய் உருகி அழுதாரென்றால் அதில் டைரக்டருக்கும் பங்கு உண்டு.

இது உனக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க டைரக்டர் டெரன்ஸ் மாலிக்கின் 'டேஸ் ஆஃப் ஹெவன்' 1978இல் வந்தபோதும் இதே கதைதான். அதன் கேமராமேன் நெஸ்டர் அல்மெந்த்ரோஸ் பெரும்பகுதியை, சூரியன் மறைந்த பிறகும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுத்தார். பகல் முழுக்கத் தயாராகிக் காத்திருந்து, இருபது இருபத்தைந்து நிமிடம் ஓடி ஓடி எடுப்பது (உனக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்). ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. படம் அழகாக இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை என்று அப்போதே பலர் எழுதினார்கள். எனக்கு அந்தப் படம் வேறு மாதிரி தெரிகிறது. பெரியவர்களின் காதலும் துரோகமும் பாதி புரிந்த ஒரு சின்னப் பெண்தான் அங்கே கதை சொல்கிறாள். அவளுக்கு முகங்களை விட வயலும் வானமும்தான் பெரிதாகத் தெரியும், அதனால்தான் கேமராவும் ஆட்களை விட்டு எட்ட நிற்கிறது. அந்த வெளிச்சத்தை எடுத்துவிட்டால் படமே இருக்காது. அதே மாலிக் 2011இல் 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' எடுத்தபோது பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் ஒரு பக்கம் கூச்சல், ஒரு பக்கம் கைதட்டல், கடைசியில் விழாவின் உச்ச விருதான தங்கப் பனை. அமெரிக்காவில் ஒரு தியேட்டர், இது வழக்கமான படம் இல்லை, தெரிந்துகொண்டு வாருங்கள், பணம் திரும்பத் தர மாட்டோம் என்று வாசலில் அறிவிப்பே ஒட்டியது.

அந்த அறிவிப்பைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ அது நேர்மையான வேலையாகத்தான் தெரிகிறது. உங்கள் டிரெய்லரை மறுபடி ஒருமுறை பார். அண்ணனைத் தேடி ஓடும் தங்கை, அதிரும் இசை, படபடவென்று கட். திரில்லர் என்று நினைத்துத்தானே வந்திருப்பார்கள்? படத்திலோ அவள் ஓடுவது அந்த ஒரே இடத்தில்தான், அண்ணன் கிடைத்தானா என்பதும் கடைசி வரை தெரியாது. ஒரு மணி நேரத்தில் எழுந்து போனவர்களுக்கு ரசனை இல்லை என்று உன் நண்பர்கள் பேசிக்கொண்டார்களாமே, அதை நான் ஏற்கவே மாட்டேன். வாங்கிய டிக்கெட்டுக்குச் சொன்ன பொருள் வரவில்லை, போய்விட்டார்கள். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒன்று உண்டு, முதல் நாள் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்குவார்கள். 2002இல் வந்த 'சொலாரிஸ்' அதில் எஃப் வாங்கியது, அதாவது ஃபெயில். ஜார்ஜ் க்ளூனியையும் விண்வெளியையும் நம்பி வந்தவர்களுக்கு, செத்துப்போன மனைவியை நினைத்துக்கொண்டு ஒருவன் அமைதியாக உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் வேறென்ன போடுவார்கள்? படம் எப்படி இருந்தது என்பதை விட, எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்பதைத்தான் அந்த மதிப்பெண் சொல்கிறது.

சரி, அழுதவர்களுக்கு வருகிறேன். பந்தா பண்ணுகிறார்கள், புரிந்த மாதிரி நடிக்கிறார்கள் என்று எதிர்க்கட்சி சொல்லுமே. ரஷ்ய டைரக்டர் தர்க்கோவ்ஸ்கி தன் 'மிரர்' படத்துக்கு வந்த கடிதங்களைத் தன் புத்தகத்தில் கொடுத்திருக்கிறார். ஒரு பெண் இன்ஜினியர், புரிந்துகொள்ள மனதார முயற்சி செய்து தலைவலிதான் மிஞ்சியது என்று எழுதுகிறார். இன்னொரு பெண், என் குழந்தைப் பருவம் அப்படியேதான் இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு நன்றி சொல்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் படம் தனக்கு ஏதோ சொல்லப்போகிறது என்று காத்திருந்தார், இரண்டாமவர் படத்தைப் பார்த்துக்கொண்டே தன் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தார். கதை இறுக்கமாக ஓடும் படத்தில் இப்படி நினைத்துக்கொள்ள நேரமே கிடையாது. உங்கள் மாதிரிப் படங்களில் நேரம் நிறைய இருக்கிறது, அதைப் போட்டு நிரப்ப ஏதாவது கையில் வைத்திருப்பவருக்குப் படம் பெரிதாகிறது, அன்றைக்கு வெறுங்கையோடு வந்தவருக்கு நீளமாகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், இதில் அறிவாளி முட்டாள் என்றெல்லாம் எதுவும் இல்லை.

நம் வீட்டிலேயே பார். அம்மா நடுவில் கொஞ்சம் தூங்கிவிட்டாள், உன்னிடம் சொல்லாதே என்றாள், சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் படத்தில் அந்தப் பெண் பிரிக்காத கடிதத்தோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்க, நீல வெளிச்சம் கட் இல்லாமல் மெல்ல விடிந்துகொண்டே வருமே, அந்த ஷாட்டைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அவ அதைப் படிச்சிருப்பாளா?" என்று திடீரென்று கேட்கிறாள். அங்கே அழகு ஒரு வேலை செய்தது பாப்பா. இருட்டில் அவள் கை தெரியாது, வெளிச்சம் வர வரத்தான் கை கடிதத்தின் மேலேயே இருப்பது தெரிகிறது, ராத்திரி முழுக்க அப்படியே இருந்திருக்கிறாள் என்பது நமக்கு மெதுவாக உறைக்கிறது. அதை வேகமாகக் காட்ட முடியாது.

தண்ணீருக்கு மேல் பறவைகள் திரும்பும் ஷாட் அப்படி இல்லை. அதுதான் எல்லோரும் போனில் வைத்துக்கொள்ளும் ஃபிரேம், எனக்குத் தெரியும், போஸ்டரிலும் அதுதான். ஆனால் அதில் யார் பார்க்கிறார்கள், எதற்காக? முதல் பத்து நொடி நானும் வாயைப் பிளந்தேன், அப்புறம் உன்னை நினைத்துக்கொண்டேன், எங்கே நின்று எடுத்திருப்பாள், கால் நனைந்திருக்குமா என்று. படம் பார்க்கிறவனுக்குக் கேமராக்காரியின் ஞாபகம் வந்தால் ஷாட் தோற்றுவிட்டது என்று அர்த்தம், அது அப்பாவாக இருந்தாலும்.

அதனால், டைரக்டர் இருபது நிமிடம் குறைக்கலாம் என்கிறாரே, தடுக்கட்டுமா என்று நீ கேட்டதற்கு என் பதில்: எந்த இருபது நிமிடம் என்று முதலில் கேள். டைரக்டர் குப்ரிக் தன் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யை 1968 ஏப்ரலில் முதல் காட்சிகள் போட்ட பிறகு சுமார் 19 நிமிடம் வெட்டினார். வெட்டியும் படம் மெதுவாகத்தான் இருக்கிறது, புதிரும் புதிராகவே இருக்கிறது. தொங்கிய சதை போயிற்று, எலும்பைத் தொடவில்லை. உங்கள் டைரக்டர் போனவர்களுக்குப் பயந்து கடிதம் ஷாட்டில் கை வைத்தாரென்றால் சண்டை போடு. அது பாதியானால் விடிவதே தெரியாது, அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பதிலாகப் பறவைகளை நீயே எடுத்துக் கொடு. கேமராமேன் தன் நல்ல ஷாட்டைத் தானாக விட்டுக்கொடுத்தால் எடிட் அறையில் அடுத்த சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

கானில் 1960இல் இத்தாலிய டைரக்டர் அந்தோனியோனியின் 'ல அவென்ச்சுரா'வுக்கு நடந்ததை உன் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள், ஆறுதலுக்கு எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். ஒரு பெண் காணாமல் போகிறாள், படம் அவளைத் தேடுவதையே மறந்துவிடுகிறது. சிரித்தார்கள், கத்தினார்கள். மறுநாள் டைரக்டர் ரோசெலினி உட்படப் பலர் அந்தோனியோனிக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டார்கள், ஜூரி பரிசும் கிடைத்தது, 1962இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை விமர்சகர்களிடம் கேட்டு எடுத்த சிறந்த படங்கள் பட்டியலில் இரண்டாம் இடம். எல்லாம் உண்மை. ஆனால் அதே மாதிரிக் கத்தல் வாங்கி, நியாயமாகவே மறந்துபோன படங்களை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கத்தினார்கள் என்பதே ஒரு தகுதி என்று நினைத்துவிடாதீர்கள், நான் கேட்பது அவ்வளவுதான்.

அடுத்த காட்சிக்கு முன்னால் டிரெய்லரை மாற்றச் சொல்லிப் பார். முடியாது என்பார்கள், இருந்தாலும் சொல். பறவை ஷாட்டை இப்படிச் சொல்லிவிட்டேனே என்று கோபமிருந்தால் போன் பண்ணித் திட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். அம்மா தூங்கியதைப் பற்றி மட்டும் கேட்காதே.

அப்பா