மீட்டர் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளியில் இரண்டு பொருள்கள் நெருங்கிக் கடக்கும்போதெல்லாம் செய்திகளில் ஒரே ஒரு எண்தான் வருகிறது: இடைவெளி எத்தனை மீட்டர். 2024 பிப்ரவரி 28 அன்று நாசாவின் டைமட் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யக் கோளான காஸ்மோஸ் 2221-உம் சுமார் 600 கி.மீ. உயரத்தில் கடந்தபோது, 20 மீட்டருக்கும் குறைவு என்று முதலில் சொன்னார்கள். பிறகு 10 மீட்டருக்கும் குறைவு என்றார்கள். அந்த இடைவெளியைக் கணித்ததில் பிழை எவ்வளவு என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும். அதைக் கேட்காவிட்டால் ஆபத்தானதைக் கவனிக்காமல் விட்டு, ஆபத்தில்லாததற்கு அஞ்சிக்கொண்டிருப்போம்.

2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, ஏறத்தாழ 790 கி.மீ. உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33-உம் செத்துக் கிடந்த காஸ்மோஸ் 2251-உம் மோதின. ஒப்பு வேகம் வினாடிக்கு சுமார் 11.7 கி.மீ. பட்டியலிடும் அளவுக்குப் பெரிய துண்டுகளே 2,000-க்கும் மேல் சிதறின. பொதுவில் கிடைத்த தரவைக் கொண்டு போடப்பட்ட முன்கணிப்பு அன்று காட்டிய இடைவெளி 584 மீட்டர். அதைவிட நெருக்கமாகக் கணிக்கப்பட்ட வேறு பல சந்திப்புகள் அதே பட்டியலில் இருந்தன. அவற்றில் எதுவும் மோதவில்லை. 584 என்று எழுதியிருந்ததுதான் மோதியது.

இதில் வியப்பில்லை. பொதுவில் கிடைப்பது டி.எல்.இ. எனும் இரண்டு வரித் தரவு. வரிக்கு 69 எழுத்துக் குறிகள். அளவீடு எடுத்த அன்றைக்கே அதில் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை இருக்கும். நாள் ஆக ஆக அது பெருகும். எந்தத் திசையில் பெருகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலும் கீழுமாக உள்ள பிழை பெரிதாக வளர்வதில்லை. பாதையின் நெடுகே, அதாவது கோள் ஓடும் திசையில், அது வளர்ந்துகொண்டே போகும். சுற்றுப்பாதையின் சராசரி உயரத்தை வெறும் 10 மீட்டர் தவறாகக் கணித்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் கோள் 94 மீட்டர் முன்னோ பின்னோ இருக்கும். தாழ் சுற்றுப்பாதையில் நாளுக்கு 15 சுற்று. ஒரே நாளில் 1.4 கி.மீ. தள்ளிவிடும்.

காற்று இழுவையின் தொல்லை தனி. 300 முதல் 600 கி.மீ. உயரத்திலும் மெல்லிய வளிமண்டலம் உண்டு. சூரியப் புயல் வந்தால் அது சூடாகி உப்பும்; அங்கே அடர்த்தி பல மடங்கு கூடும். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 38 வரை இப்படி ஒரு புயலில் வீழ்ந்தன. அவை தாழ்வாகப் பறந்ததால் விழுந்தன. மேலே இருப்பவை விழாது, ஆனால் அவற்றின் கணிப்பு கெடும். அதிலும் ஒழுங்கில்லாமல் உருளும் துண்டுக்குக் காற்றில் படும் பரப்பு நொடிக்கு நொடி மாறுவதால், அதன் இழுவைக்கு ஒரு நிலையான எண்ணே கொடுக்க முடியாது.

இப்போது நிகழ்தகவுக்கு வருவோம். இரு கோள்களையும் சேர்த்து 5 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். கணித்த இடைவெளி 200 மீட்டர். பிழை எல்லாத் திசையிலும் ஒரே அளவு என்றும் கொள்வோம் (உண்மையில் அப்படி இராது, கணக்கு புரிவதற்காக). பிழையின் பரவலைக் காட்டும் திட்ட விலக்கம் 1,000 மீட்டர் என்றால் மோதும் வாய்ப்பு சுமார் 80,000-இல் ஒன்று. கூடுதல் அளவீடு எடுத்துப் பிழையை 140 மீட்டராகக் குறைத்தால் வாய்ப்பு 4,300-இல் ஒன்றாக உயரும். மேலும் குறைத்து 40 மீட்டர் ஆக்கினால் 3.4 கோடியில் ஒன்றாகச் சரியும். இடைவெளி மாறவே இல்லை, அதே 200 மீட்டர்தான். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் விலகத் தீர்மானிக்கும் எல்லை 10,000-இல் ஒன்று. முதல் கணக்கு அந்த எல்லைக்குக் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அது பாதுகாப்பைக் காட்டவில்லை, நம் அறியாமையைக் காட்டுகிறது. துறையில் இதற்கு நிகழ்தகவு நீர்த்துப்போதல் என்று பெயர். தரவு மோசமாக இருக்கும்போது ஆபத்து குறைவாகத் தெரிவது இந்தக் கணக்கின் இயல்பு. அதனால்தான் நல்ல குழுக்கள் கிடைத்த நிகழ்தகவோடு நிற்காமல், பிழையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அதிகபட்சம் எவ்வளவு வரும் என்றும் கணிக்கின்றன.

நடைமுறையில் எச்சரிக்கை சி.டி.எம். எனும் தரவுச் செய்தியாக வரும். அமெரிக்க விண்வெளிப் படை தன் பட்டியலோடு ஒப்பிட்டு உலகெங்கும் உள்ள கோள் இயக்குநர்களுக்கு அனுப்புகிறது. பல சந்திப்புகளுக்கு ஒரு வாரம் முன்பே முதல் செய்தி கிடைத்துவிடும். நெருங்கும் நேரம், இடைவெளியின் மூன்று கூறுகள், ஒப்பு வேகம், இரு பொருள்களின் பிழை அணி (எந்தத் திசையில் எவ்வளவு பிழை என்று காட்டும் எண்களின் அட்டவணை) எல்லாம் அதில் இருக்கும். முதலில் பார்க்கவேண்டியது மேல்-கீழ் இடைவெளி; பிழை அங்கேதான் குறைவு, அதனால் நம்பலாம். அடுத்து, எதிரே வரும் பொருளைக் கடைசியாக எப்போது அளந்தார்கள், எத்தனை அளவீடுகள் என்று பார்க்கவேண்டும். மூன்று நாளாக யாரும் பார்க்காத துண்டு என்றால் நிகழ்தகவை நம்பாமல் கூடுதல் ரேடார் நேரம் கேட்கவேண்டும். அடுத்தடுத்த செய்திகளில் இடைவெளி பழைய பிழை எல்லையைத் தாண்டிக் குதித்தால், அந்தப் பிழை அணியே குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அற்பமாகத் தோன்றும் தவறுகளும் உண்டு. ஜி.பி.எஸ். நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 வினாடி முந்தியிருக்கிறது. ஒரு கோப்பில் இதை மாற்ற மறந்தால் கோள் 135 கி.மீ.க்கும் மேல் தள்ளி நிற்கும். ஆய அச்சு முறையை, அதாவது இடத்தைக் குறிக்கும் அச்சுகளின் அமைப்பை, மாற்றிப் படித்தாலும் இதே கதி.

விலகுவதற்கு எரிபொருள் நிறையச் செலவாகும் என்பது பரவலான தவறான எண்ணம். ஓடும் திசையில் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம் கூட்டினால் போதும். ஒரு நாளில் பாதை நெடுகே சுமார் 2.6 கி.மீ. விலகல் கிடைக்கும். 500 கிலோ கோளுக்கு ஹைட்ரசின் மூன்று கிராமுக்கும் குறைவு. அரைச் சுற்று மட்டுமே அவகாசம் இருந்தால் உயரத்தில் கிடைப்பது 36 மீட்டர்தான். எனவே முன்கூட்டித் தெரிவது முக்கியம். உண்மையான செலவு வேறு இடத்தில்: படம் எடுப்பது நிற்கும், குழு இரவு விழிக்கும், திரும்பப் பழைய பாதைக்கு வர இன்னொரு உந்துதல் வேண்டும். புதிய பாதையையும் முழுப் பட்டியலோடு ஒப்பிட்டாக வேண்டும். ஒன்றிலிருந்து விலகி இன்னொன்றின் வழியில் போய் நிற்கக் கூடாதல்லவா?

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் விலகினாலும் கெட்டது. 2019 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை தன் ஏயோலஸ் கோளை ஒரு ஸ்டார்லிங்க் கோளிடமிருந்து விலக்கியது. வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டியிருந்தது. பேச்சுவார்த்தை மின்னஞ்சலில் நடந்தது. அழைப்பு அமைப்பில் இருந்த கோளாறால் வாய்ப்பு கூடியதைத் தன் பணியாளர் பார்க்கவில்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் பின்னர் விளக்கியது. இதற்கு மாறாக 2021 அக்டோபரில் சந்திரயான்-2-உம் நாசாவின் நிலவுக் கோளான எல்.ஆர்.ஓ.வும் நிலவின் வடதுருவத்துக்கு அருகே நெருங்கவிருந்தபோது, இரு தரப்பும் தரவை ஒப்பிட்டு, யார் விலகுவது என்று முன்பே பேசி முடித்தார்கள். சந்திரயான்-2 இரண்டு நாள் முன்னதாகவே விலகியது. வேலை இப்படித்தான் நடக்கவேண்டும். ஆயிரக்கணக்கான கோள்கள் தாமாகவே விலகும் இக்காலத்தில் ஒவ்வொரு முறையும் தொலைபேசியை எடுத்துக்கொண்டிருக்க முடியாது. திட்டமிட்ட உந்துதல்கள் அடங்கிய பாதைக் கோப்பையும், அதன் பிழை அணியையும், ஒவ்வோர் இயக்குநரும் நாளுக்குப் பலமுறை பொதுவில் வெளியிடவேண்டும். வணிக ரகசியம் என்ற சாக்கு இங்கே செல்லாது. ரேடார் வைத்திருப்பவருக்கு அந்தப் பாதை எப்படியும் தெரியும்.

அளக்கவே முடியாதவையும் உண்டு. ரேடார் அலைநீளத்தைவிடச் சிறிதான பொருளின் எதிரொலி, அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்காகக் குறையும். விட்டம் பாதியானால் எதிரொலி 64-இல் ஒரு பங்கு. தாழ் சுற்றுப்பாதைப் பட்டியல் பெரும்பாலும் 10 செ.மீ. அளவோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். மார்ஷல் தீவுகளின் குவாஜலினில் 2020 முதல் இயங்கும், குறுகிய அலைநீளம் கொண்ட எஸ்-பேண்ட் ரேடார் அதைவிடச் சிறியதையும் பிடிக்கிறது. ஒரு செ.மீ. அலுமினிய உருண்டையின் எடை 1.4 கிராம்தான்; வினாடிக்கு 10 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் 70 கிலோஜூல். சர்வதேச விண்வெளி நிலையத்தின் கவசங்கள் தாங்குவது ஏறத்தாழ அந்த அளவு வரைதான். ஒன்றுக்கும் பத்து செ.மீ.க்கும் இடைப்பட்டவைக்குக் கவசமும் இல்லை, பெரும்பாலும் எச்சரிக்கையும் இல்லை. அவை புதிதாக உண்டாகாமல் தடுப்பது ஒன்றே வழி.

டைமட் சந்திப்பில் இரு பக்கமும் உந்தி இல்லை. இரண்டு செத்த ராக்கெட் அடுக்குகள் நெருங்கினாலும் அதே நிலைதான். எச்சரிக்கை வந்தும் செய்ய ஒன்றும் இராது. 800 கி.மீ.க்கு மேலே அவை நூறாண்டுக்கும் மேல் சுற்றும். அதனால் இனி ஏவும் ஒவ்வோர் அடுக்கிலும் மீதி எரிபொருளை வெளியேற்றி, மின்கலத்தைத் துண்டித்து, இறக்கிவிடவேண்டும். உயரே விட நேர்ந்தால், சில சிறு பிரதிபலிப்பான்களையாவது ஒட்டி அனுப்பவேண்டும். மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். செத்த பிறகும் லேசர் நிலையங்கள் அதைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது இடைவெளியோடு மூன்று விவரங்களைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்: மோதும் வாய்ப்பு, அதைக் கணித்ததில் இருந்த பிழை, இரண்டில் எதனால் விலக முடியும்.

இப்படிக்கு,
சுற்றுப்பாதைக் கணிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்