தலையிடும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அத்தைகளே, பெரியம்மாக்களே, சித்தப்பாக்களே, "நான் எதுலயும் தலையிடமாட்டேன், ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்று தொடங்கும் மாமாக்களே,

வணக்கம். நான் காதல் கதை எழுதுகிறவள். படித்தால் சிரிப்பு வர வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதும் காதல் கதை. ஒவ்வொரு கதையும் வெளியான வாரத்தில் உங்களில் யாராவது ஒருவர் போனில் அழைத்து, உடம்பு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அதுல வர்ற அத்தை நான்தானே?" என்று கேட்கிறீர்கள். தனித்தனியாக மழுப்பி அலுத்துவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நான் யாரை மனதில் வைத்து எழுதினேனோ, அவர் ஒருநாளும் கேட்டதில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்படியே உன் சித்தியை உரிச்சு வச்சிருக்கே!" என்பார்.

என் கதையிலிருந்து உங்களை ஏன் விடமாட்டேன் என்கிறேன்? பிழைப்புதான் காரணம். இன்றைய காதலர்களுக்குத் தடை என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு கடிதம் கை மாறிப் போனால் பத்து அத்தியாயம் ஓடும். இப்போது சந்தேகம் வந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம். நீல டிக் விழுந்தது, பதில் வந்தது, கதை முடிந்தது. இருவருக்கும் வேலை இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, ஒருவரை ஒருவர் பிடித்தும் இருக்கிறது. மீதி இருநூறு பக்கத்தை நான் எதை வைத்து ஓட்டுவது? வில்லனைக் கொண்டுவந்தால் சிரிப்பு போய்விடும். விபத்து, ஞாபக மறதி போன்ற சரக்குகளைத் தொட எனக்கு வெட்கமாக இருக்கிறது. மிஞ்சுவது நீங்கள்தான். எதிரி என்றால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிடலாம். தோளில் தூக்கி வளர்த்தவர் வாசலில் நின்றால் கதாநாயகி என்ன செய்வாள்? அந்தத் தவிப்பில்தான் என் கதை நடக்கிறது.

இந்த வேலையில் நீங்கள் முதல் ஆளும் இல்லை, நான் முதல் எழுத்தாளரும் இல்லை. கி.மு. 316இல் ஏதென்ஸில் பரிசு வாங்கிய, கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் 'டிஸ்கோலோஸ்' நாடகத்தில் பெண்ணின் அப்பா ஒரு சிடுமூஞ்சி. யாரையும் கிட்டே அண்டவிடாத அவர் கிணற்றில் விழுந்துவிடுகிறார். காப்பாற்ற வந்தவர்களில் மகளைக் காதலிக்கும் பையனும் ஒருவன். அவனோ பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கயிற்றை நழுவவிடப் பார்க்கிறான். வருங்கால மாமனார் கயிற்றின் மறுமுனையில்! இதைவிட நல்ல காட்சியை நான் இன்னும் எழுதவில்லை.

நம் பக்கம் வந்தால் குறுந்தொகையின் 362ஆம் பாட்டு இருக்கிறது. மகள் வாடியிருக்கிறாள், முருகன் பிடித்து வருத்துவதால் வந்த நோய் என்று எண்ணி வீட்டார் வேலனை, அதாவது முருகனுக்கு வெறியாடும் பூசாரியை, அழைத்துவருகிறார்கள். பலியோடு சடங்கு தொடங்கப்போகிறது. உண்மை தெரிந்த ஒரே ஆள் தோழி. அவள் வேலனிடம் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்கிறாள்: நீ கொடுக்கும் இந்தப் பலியை, இவளுக்கு நோய் தந்த மலைநாட்டானின் மாலையணிந்த மார்பும் உண்ணுமோ? முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவள் இதைக் கேட்டிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றும். குடும்பம் முழுவதும் அக்கறையோடு தவறான திசையில் ஓடுகிறது, ஓரமாக நிற்கும் ஒருத்திக்கு மட்டும் விஷயம் தெரியும். நகைச்சுவைக் காதல் கதைக்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

உங்களைப் பற்றிச் சரியாகக் கணித்தவர் வள்ளுவர். ஊரார் பேச்சை எருவாகவும் அம்மாவின் கடுஞ்சொல்லை நீராகவும் கொண்டு இந்தக் காதல் நோய் வளர்கிறது என்கிறார் 1147ஆம் குறளில். அடுத்த குறளில், வம்பு பேசிக் காதலை அடக்கப் பார்ப்பது நெய்யை ஊற்றி நெருப்பை அணைப்பது போல என்கிறார். என் தொழில் ரகசியம் மொத்தமும் இதுதான். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலிலும் இதே கணக்குதான். பையனின் பெரியம்மா, பணக்காரச் சீமாட்டி, வண்டி கட்டிக்கொண்டு போய் அவன் விரும்பும் பெண்ணிடம், "அவனை மணக்கமாட்டேன் என்று சத்தியம் செய்" என்று மிரட்டுகிறார். அவள் முடியாது என்கிறாள். சீமாட்டி அதோடு சும்மா இருந்திருக்கலாம். நேராகப் பையனிடமே போய் முறையிடுகிறார். நம்பிக்கை இழந்து கிடந்தவனுக்கு, அவளுக்குத் தன்மேல் வெறுப்பு இல்லை என்பது அப்போதுதான் புரிகிறது. பெரியம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆக, தடுக்கப் போய்ச் சேர்த்து வைப்பவர்கள் நீங்கள். இதை ஒத்துக்கொண்டுவிட்டு என் குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் உங்களை நான் மோசமாகத்தான் எழுதினேன். ஒரு அத்தை என்றால் ஒரே வசனம், அதைப் பக்கத்துக்குப் பக்கம் திருப்பிச் சொல்வார், வாசகர் சிரிக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான் முதலாவதோடு நின்றுவிட்டேன், வெறும் எள்ளல். மடன் என்பதற்கு, ஒருவர் சொன்னதை மனதில் பிடித்துக்கொண்டு பிறகு விடவே விடாமல் இருப்பது என்று உரைகாரர்கள் பொருள் சொல்வதைப் படித்தபோதுதான் உங்கள் முகங்கள் வரிசையாகக் கண்முன் வந்தன. 'நல்ல பையன் என்றால் கையெழுத்து அழகாக இருக்கும்' என்று யாரோ எப்போதோ சொன்னதை நாற்பது வருடம் பிடித்துக்கொண்டிருப்பவரைக் கிண்டல் செய்யவே தேவையில்லை. அவர் நம்புவதை அப்படியே எழுதினால் போதும்.

அதற்குப் பிறகு எழுதிய ஒரு காட்சி. அத்தைக்குப் பையனின் சம்பளம் தெரிந்தாக வேண்டும். வங்கியின் கடன் பிரிவிலிருந்து பேசுவதாக அவனுக்குப் போன் செய்கிறார். சம்பளம், பழைய கடன், எல்லாம் சரளமாகக் கேட்கிறார். பிறகு தன்னை மறந்து, "ராத்திரி ரொம்ப நேரம் கண் முழிப்பீங்களா தம்பி? கோபம் வருமா?" என்கிறார். அவன் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாக, உண்மையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில், "சரி, வட்டி எவ்வளவு அத்தை?" என்று கேட்கிறான்.

முதல் வரைவில் அத்தை பதறிப் போனை வைத்துவிடுவார். சிரிப்பு வந்தது, ஆனால் அத்தை பொம்மையாகிவிட்டார். மாற்றி எழுதினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோபத்துக்கு நீ இன்னும் பதில் சொல்லலையே" என்கிறார். கேள்வி நியாயமானது. முன்பு ஒரு கோபக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட தன் தங்கையை அவர் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் வாசகர் சிரிப்பை நிறுத்தினார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை அறையில் பூட்டுவது, படிப்பை நிறுத்துவது, கை ஓங்குவது, "செத்துப்போவேன்" என்று மிரட்டிப் பணிய வைப்பது ஆகியவற்றைச் செய்கிறவர்களுக்கு இந்த மடல் இல்லை. அவர்களை என் கதையில் அசட்டு மாமாவாகக் காட்டிச் சிரிக்கவைத்துக் கரையேற்றமாட்டேன். 'முடியாது' என்ற சொல்லை மூன்றாவது தடவையிலாவது காதில் வாங்குகிறவருக்குத்தான் என் கதையில் இடம்.

மற்றவர்கள் எப்போதும்போல இருங்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேளுங்கள், குடும்பக் குழுவில் தவறான ஆளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு அழியுங்கள், சமாதானம் பேசப் போய்ப் புதுச் சண்டை மூட்டிவிட்டு வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். கடைசி அத்தியாயத்தில் அவர்கள் இருவரும் பேசும் காட்சிக்கு மட்டும் உங்களை நான் பக்கத்து அறையில் உட்கார வைப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சுவர் மெல்லியதாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்தி

பி.கு.: பெரியம்மா, கடன் பிரிவு அத்தை நீங்கள் இல்லை. போன வாரம் என் எண்ணுக்கு அழைத்து, காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, இப்போது யாரையாவது காதலிக்கிறேனா என்று விசாரித்தவரும் நீங்களாக இருக்க முடியாது என்றே நம்புகிறேன்.