பாட்டுத்தானே என்கிறார்கள்

அன்புள்ள விசாலம்,

இங்கே எல்லோரும் நலம். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியை நீ செய்யமாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பள்ளத்தூர்ச் சித்தியின் அதிகாரம் கொஞ்சமும் குறையவில்லை.

எழுத வந்தது தம்பி மகள் உமையாளைப் பற்றி. கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு. பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பையன்கள் அவளைக் கண்டதும் பாட ஆரம்பித்துவிடுகிறார்களாம். படித்த பெண்ணுக்குத் திமிர், காதலை மறுத்தவள் ஏமாற்றுக்காரி, அரியர் வைத்தவன்தான் வீரன் என்று போகிறதே, அந்த வகைச் சினிமாப் பாட்டுகள். கிட்டே வருவதில்லை, கை நீட்டுவதில்லை. பெண்களைச் சீண்டுவதற்கு எதிராக 1998-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் "பாட்டுத்தானே" என்று தம்பியே சிரிக்கிறான்!

அந்தப் பெண் முதல் மதிப்பெண் வாங்கியதை வீட்டில்கூட மறைத்திருக்கிறாள், விசாலம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

வெறும் வாயால் சொல்லக் கூசுகிற சொல்லை மெட்டு அந்தப் பையன்களுக்குக் கடன் கொடுக்கிறது. வட்டி கட்டுகிறவள் இவள். 2015 டிசம்பரில் ஒரு பாட்டை எதிர்த்து மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கினவே, நினைவிருக்கிறதா? அதில் கெட்ட வார்த்தை இருந்தது, அதனால் கோபம் வந்தது. கெட்ட வார்த்தையே இல்லாமல் பெண்ணை மட்டம் தட்டும் பாட்டு கல்யாண வீட்டிலும் ஒலிக்கிறது. நாமும் பந்தியில் உட்கார்ந்து கேட்கிறோம்.

சினிமாவை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் ஆயாமார் பாடிய தாலாட்டை நினைத்துப் பார். ஆண் பிள்ளைக்குக் கப்பலும் பர்மாக் கடையும் கணக்கும். பெண் பிள்ளைக்கு அம்மான் கொண்டுவரும் சீர். பத்தாவது முடித்ததும் நமக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அது அநியாயம் என்றுகூட நமக்குத் தோன்றவில்லையே! தொட்டிலிலேயே கேட்டுப் பழகியிருந்தோம். பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயைப் பாரதிதாசன் பாடியதும் பாட்டுத்தான். பள்ளி மேடையில் நீ அதைப் பாடியபோது என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒன்று உமையாள் காதில் விழ வேண்டாமா?

வேறு பஸ்ஸில் போகிறேன் என்கிறாள். நான் விடமாட்டேன். கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வரும்போது தம்பியிடம் நீ பேசு. உன் அதட்டலுக்குத்தான் அவன் பயப்படுவான். பாடுகிறவர்களில் ஒருவன் நம் மெய்யப்பன் பேரனாம். அவன் ஆயாளைப் பார்க்க நாளைக் காலையில் நானே போகிறேன்.

அன்புடன்,
மீனாள்